பெரியப்பாவின் ஆம்ப்ளிஃபயரும் கைப்பேசியின் ஹெட்போன் துளையும்

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரோடு கைப்பேசியை இணைக்கத் தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர், அது போய்ச் சேர வேண்டிய சரியான துளை, இரண்டு முனையிலும் சுத்தமான தொடுப்பு. இவ்வளவு போதும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் தங்கள் ஆம்ப்ளிஃபயரையும் மர ஸ்பீக்கர் பெட்டிகளையும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். இன்று அவை ஒவ்வொன்றாகப் பழைய இரும்பு லோரியில் ஏறுகின்றன. "கேசட் ஓடவில்லை, இனி எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு?" என்பதுதான் கேள்வி. ஓடாமல் போனது கேசட் மட்டும்தானே? ஒலியைப் பெருக்கும் பகுதி, எங்கிருந்து பாட்டு வந்தாலும் வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது.

பெரியப்பாவின் பெட்டி 1980களில் ஈப்போவில் தவணைக்கு வாங்கியது. பால்மரம் வெட்டிய சம்பளத்தில் மாதாமாதம் கட்டியிருக்கிறார். தீபாவளிக்கு முந்தின இரவு அதன் சத்தம் லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும். கேசட் டெக்கின் ரப்பர் பெல்ட் இளகிப்போன பிறகு ரேடியோவுக்கு மட்டும் இருந்தது. அரசுத் தமிழ் வானொலியான ரேடியோ 6, மின்னல் பண்பலை என்று பெயர் மாறிய பிறகும் காலையில் அதில்தான் செய்தி கேட்டார். பிறகு பேரன் ஒருநாள் கைப்பேசியை அதில் இணைத்துப் பார்த்தான். டமடமவென்று அடிச்சத்தம் மட்டும் வந்தது. குரல் கிழிந்து போயிற்று. "ஆம்ப்ளிஃபயர் செத்துவிட்டது தாத்தா" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அதன் மேல் பூச்சாடி வைத்துவிட்டார்கள்.

நான் போனவுடன் பார்த்தது பின்பக்கத்தைத்தான். பேரனின் வயர் ஃபோனோ என்று எழுதிய துளையில் செருகியபடியே இருந்தது. ஃபோன் என்பதைப் போல ஒலிக்கும் அந்தப் பெயரை நம்பிப் பலரும் அங்கேதான் செருகுகிறார்கள். அது இசைத்தட்டுச் சுழற்றியின் துளை.

இந்தத் துளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பெட்டிகள் பலவும் இதனால்தான் செத்ததாக அறிவிக்கப்படுகின்றன. இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான். அதனால் அந்தத் துளைக்குப் பின்னால் மட்டும் கூடுதலாக ஒரு பெருக்கும் கட்டம் உண்டு. பெட்டியோடு வந்த கையேட்டைப் பெரியம்மா சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். அதில் ஃபோனோவுக்கு 2.5 மில்லிவோல்ட் என்றும் ஆக்ஸ், டியூனர், டேப் மூன்றுக்கும் 150 மில்லிவோல்ட் என்றும் போட்டிருக்கிறது. அந்த அளவு வந்தாலே ஆம்ப்ளிஃபயர் தன் முழுச் சக்தியையும் கொடுத்துவிடும். கைப்பேசி முழு ஒலியில் அரை வோல்ட்டுக்கு மேல் தருகிறது. 2.5 மில்லிவோல்ட் எதிர்பார்க்கும் இடத்தில் அதைப் போல இருநூறு மடங்குக்கு மேல் கொட்டினால் கிழியாமல் என்ன செய்யும்?

அடிச்சத்தம் மட்டும் வந்ததற்குக் காரணம் வேறு. இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும்தான் பதிவார்கள். 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த அளவு அது. ஃபோனோ கட்டம் அதைத் திருப்பிச் செய்கிறது: 20 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு ஏற்றுகிறது, 20,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்றாக இறக்குகிறது. இசைத்தட்டுக்கு அது நியாயம். ஏற்கெனவே சமமாக இருக்கும் கைப்பேசி ஒலியை அதே வழியில் அனுப்பினால் தவில் மட்டும் மிஞ்சும், நாதஸ்வரம் போய்விடும்.

ஆக்ஸ், டியூனர், சிடி, டேப் பிளே என்று எழுதிய துளைகள் எல்லாம் உள்ளே ஒன்றுதான். எது காலியோ அதில் செருகலாம். டேப் ரெக் அல்லது டேப் அவுட் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அது ஒலி வெளியே போகும் வழி. ஐரோப்பியப் பெட்டி சிலவற்றில், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக இருக்கும் இந்த ஆர்சிஏ துளைகளுக்குப் பதிலாக, ஐந்து ஊசி டின் (DIN) துளை இருக்கும். அதில் 3 இடது, 5 வலது, 2 பொது என்று இணைத்தால் டேப் பிளே துளைக்குச் சமம்.

நெடுநாள் சும்மா கிடந்த பெட்டியை நேராகச் சுவரில் செருக எனக்கு மனம் வரவில்லை. முதலில் பின்பக்கத்தில் உள்ள மின்னழுத்தச் சுவிட்ச் 240இல் நிற்கிறதா என்று பார்த்தேன். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்; 220 அல்லது 240 இரண்டில் 240 பாதுகாப்பு. ஜப்பானிலிருந்து இறக்கும் பழைய பொருள் கடைகளில் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஜப்பானின் உள்நாட்டு மாடல்கள் 100 வோல்ட்டுக்கானவை. அவற்றில் சுவிட்ச் இருக்காது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் அதோடு முடிந்தது.

பிறகு மூடியைக் கழற்றினேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். மல்டிமீட்டர் வைத்து அளந்து, ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். உள்ளே பல்லி முட்டை ஓடுகளும் எறும்பு மண்ணும் இருந்தன. செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மெல்லிய பெயின்ட் பிரஷால் எல்லாவற்றையும் தட்டி எடுத்தேன். ஒலியளவுக் குமிழ், உள்ளீட்டுத் தேர்வுச் சுவிட்ச் இரண்டுக்கும் மின்தொடுப்புச் சுத்திகரிப்பு ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்து, முன்னும் பின்னுமாகப் பலமுறை திருப்பினேன். பூட்டுக்கும் சைக்கிள் சங்கிலிக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அன்றைக்குச் சரியாகிவிட்டதாகத் தோன்றும். எண்ணெயில் தூசி ஒட்டிக்கொண்டு பழைய கரகரப்பு திரும்பி வரும். ஆர்சிஏ துளைகளின் வெளி வளையம் நம் ஈரக் காற்றில் கறுத்திருந்தது. ஸ்பிரே நனைத்த துணியால் பளபளக்கும் வரை தேய்த்தேன்.

மின்சாரம் கொடுத்தது 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக வைத்து. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒரு வயரின் நடுவில் பல்பு. உள்ளே எங்காவது குறுக்குத் தொடர்பு இருந்தால் பல்பு முழுதாக எரிந்துகொண்டே இருக்கும், பெட்டி தப்பித்துவிடும். எங்களுடையதில் பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து உடனே மங்கிப் போனது. அதுதான் நல்ல அறிகுறி. பல்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் இணைக்காமல், ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின்னழுத்தம் (டிசி) அளந்தேன். இரண்டு பக்கமும் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே. அதற்கு மேல் பல நூறு மில்லிவோல்ட் காட்டினால் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் சூடேறிக் கருகும்.

பெரியப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு சின்ன போனு. இதனால் இந்தப் பெரிய பெட்டியை ஓட்ட முடியுமா, தம்பி?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆம்ப்ளிஃபயரை ஓட்டுவது சுவரிலிருந்து வரும் மின்சாரம். கைப்பேசி வழி காட்டினால் போதும். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்தடை 47,000 ஓம். கைப்பேசி 0.6 வோல்ட் கொடுத்தால் அதன் வழியே ஓடுவது 13 மைக்ரோ ஆம்பியர். 32 ஓம் ஹெட்போனை மாட்டினால் அதே கைப்பேசி 19 மில்லி ஆம்பியர் தர வேண்டும். ஆக ஹெட்போனுக்கு உழைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இந்தப் பெரிய பெட்டிக்காகக் கைப்பேசி உழைப்பதில்லை. பொருந்தாது, தனிப் பெட்டி வேண்டும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். குறைந்த மின்தடையிலிருந்து அதிக மின்தடைக்குப் போகும் இணைப்புதான் ஒலித்துறையில் எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்.

அந்த 0.6 வோல்ட் நான் அளந்தது. 100 ஹெர்ட்ஸ் சீரான ஒலியைக் கைப்பேசியில் முழு அளவில் ஓடவிட்டு, மீட்டரை மாறுமின்னழுத்தத்தில் (ஏசி) வைத்து, பிளக்கின் நுனிக்கும் அடிக்கும் இடையில் பார்த்தால் தெரிந்துவிடும். சாதாரண மீட்டர்கள் உயர்ந்த அலைவெண்களில் தவறாகக் காட்டும் என்பதால்தான் 100 ஹெர்ட்ஸ். கைப்பேசிக்குக் கைப்பேசி இது மாறும். சில ஒரு வோல்ட் வரை தருகின்றன. சிடி பிளேயர் 2 வோல்ட் தரும் என்பதால், சிடிக்கு என்றே செய்த பிந்தைய ஆம்ப்ளிஃபயர்களில் கைப்பேசி கொஞ்சம் மெதுவாகக் கேட்கலாம். 1980களின் பெட்டிகளில் அந்தக் குறையே வராது.

வயரைக் கடையில் வாங்கலாம். ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பிளக், மறு முனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ. சுங்கை சிப்புட் கைப்பேசிக் கடைகளிலேயே சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. நான் செய்துகொண்டேன், ஏனென்றால் வார்ப்பு பிளக் வயர்கள் கழுத்தில் சீக்கிரம் அறுகின்றன. அறுந்தால் திறந்து சரிசெய்யவும் முடியாது. உலோக உறை கொண்ட மூன்று தொடுப்பு பிளக், இரண்டு ஆர்சிஏ, பின்னல் கவசம் உள்ள இரட்டை ஒலி வயர். பெரியப்பாவின் நாற்காலி வரை எட்ட ஐந்து மீட்டர்.

ஐந்து மீட்டர் நீண்டால் ஒலி மங்காதா என்று கேட்பவர்களுக்குக் கணக்கு இதோ. இவ்வகை வயர் மின்சாரத்தைத் தேக்கும் கொள்ளளவு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 500. கைப்பேசியின் வெளியீட்டு மின்தடையை 10 ஓம் என்று கொண்டால் உயர்ந்த ஒலிகள் மங்கத் தொடங்குவது 3 கோடி ஹெர்ட்ஸுக்கு மேல். மனிதக் காது கேட்பது 20,000 வரை. ஆகவே நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்துத் தங்க முலாம் வயர் வாங்கும் ஆசையை விட்டுவிடலாம். பணத்தைக் கவசம் நன்றாகப் பின்னிய வயரிலும் உறுதியான பிளக்கிலும் போடுங்கள்.

பிளக்கின் நுனி இடது, நடு வளையம் வலது, அடி பொது. நுனியிலிருந்து வெள்ளை ஆர்சிஏவின் நடு ஊசிக்கு, வளையத்திலிருந்து சிவப்பின் நடு ஊசிக்கு, அடியிலிருந்து இரண்டு கவசங்களுக்கும். உறையை முதலில் வயரில் கோத்துவிட்டு, இரண்டு பக்கமும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு சேர்த்தால் ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும். அதிக நேரம் சூடு காட்டினால் பிளக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் இளகும். 63க்கு 37 வெள்ளீயம் காரீயம் 183 பாகை செல்சியஸில் உருகிவிடும் என்பதால் இந்த வேலைக்கு அதுதான் எனக்குப் பிடிக்கும். முடிந்ததும் மீட்டரில் ஒவ்வொரு தொடர்பையும், எதுவும் எதோடும் ஒட்டவில்லை என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

கைப்பேசியின் துளை நான்கு தொடுப்பு கொண்டது. இன்றைய வழக்கில் நுனி இடது, அடுத்தது வலது, அதற்கடுத்தது பொது, அடி மைக். பழைய சில கைப்பேசிகளில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். மூன்று தொடுப்பு பிளக்கின் நீண்ட அடிப்பகுதி அந்த இரண்டையும் சேர்த்தே தொடுவதால் எந்த வகைக் கைப்பேசியானாலும் வேலை செய்யும். வீடியோ கேமராவுக்கும் டிவி பெட்டிக்கும் வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் நான்கு தொடுப்புகளின் வரிசை வேறாக இருக்கக்கூடும்.

பொதுத் தொடர்பு விட்டுப்போனால் வரும் கோளாறு விசித்திரமானது. ஒலி வரும், ஆனால் பாடுகிறவரின் குரல் மட்டும் காணாமல் போய், வாத்தியங்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போலக் கேட்கும். இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஆம்ப்ளிஃபயருக்குப் போவதுதான் காரணம். குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் கழிந்துவிடுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் விரும்பிக் கேட்கும் 1950கள், 60களின் பாடல்கள் மோனோவில் பதிவானவை. இரண்டு பக்கமும் முழுக்க ஒன்று. அவற்றில் வேறுபாடே கிடையாது என்பதால் பாட்டே கேட்காமல் போகலாம், இரைச்சல் மட்டும் மிஞ்சும். புதுப் பாட்டு வருகிறது, பழைய பாட்டு வரவில்லை என்று யாராவது சொன்னால் பொதுத் தொடர்பைத் தேடுங்கள். இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் கைப்பேசியின் ரப்பர் உறைதான் காரணமாக இருக்கும். உறை தடிமனாக இருந்தால் பிளக் முழுதாக உள்ளே போகாமல் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். உறையைக் கழற்றிச் செருகிப் பாருங்கள், அல்லது மெல்லிய கழுத்துள்ள பிளக் வாங்குங்கள்.

ஒலியளவை எங்கே வைப்பது என்பதில் ஊருக்கு ஒரு கருத்து. கைப்பேசியை முழுதாக ஏற்று, ஆம்ப்ளிஃபயரில் குறை என்பார்கள். இரைச்சலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் 150 மில்லிவோல்ட் போதும் என்கிற பழைய பெட்டியில் 0.6 வோல்ட் கொடுத்தால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே வீடு அதிரும். பழைய குமிழ்களின் தொடக்கப் பகுதியில் இடதும் வலதும் சமமாக ஏறாது. ஒரு பக்கம் ஓங்கியே நிற்கும். நான் கைப்பேசியை முழு அளவிலிருந்து நாலைந்து படி இறக்கி, குமிழை நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தேன். இரு பக்கமும் சமமானது, இரைச்சலும் கேட்கவில்லை. கைப்பேசியில் உள்ள ஈக்குவலைசர், பாஸ் கூட்டும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அந்த வேலைக்கு ஆம்ப்ளிஃபயரிலேயே நல்ல குமிழ்கள் இருக்கின்றன.

சார்ஜரை மாட்டியதும் உறுமல் வந்தது. எடுத்ததும் நின்றது. சார்ஜரின் உள்ளே குறுக்கீட்டைத் தடுக்க வைக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்சாரம் கசிந்து, ஒலி வயரின் கவசத்தில் ஓடுகிறது. பெட்டிக்கு டிவியிலிருந்தும் ஒரு வயர் வருவதால் சுற்று முழுமையாகிவிடுகிறது. இதற்காக எந்தக் கருவியின் மூன்று முனை பிளக்கிலும் நில வயரை (எர்த்) வெட்டாதீர்கள். அப்படிச் செய்யச் சொல்லும் ஆலோசனையை நம் பக்கத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன்; உறுமல் நிற்கும், ஆனால் உள்ளே ஒரு வயர் அறுந்து உலோகப் பெட்டியில் பட்டால் தொடுகிறவரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. எளிய வழி பவர் பேங்க். சுவரோடு தொடர்பு இல்லாததால் சார்ஜ் ஏறிக்கொண்டே உறுமல் இல்லாமல் பாடும். பெரியப்பாவுக்கு அதையே பழக்கிவிட்டேன். சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் வைத்த நிலச்சுற்றுத் தடுப்பான் என்று ஒரு பெட்டியும் விற்கிறார்கள். வேலை செய்யும், மலிவானவற்றில் அடிச்சத்தம் கொஞ்சம் குறையும்.

இடையிடையே டிட் டிட் டிட் என்று வரும் குறுக்கீடு வேறு வகை. 2ஜி சேவையில் கைப்பேசி நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலைவீசுவதால் வருவது அது. விமானப் பயன்முறையில் போட்டால் நின்றுவிடும், அழைப்பு மணியும் ஸ்பீக்கரில் அலறாது. அரசு ஒலிபரப்பின் ஆர்டிஎம் கிளிக் செயலி வழியாக மின்னல் பண்பலை கேட்க வேண்டுமானால் வைஃபையை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

துளையே இல்லாத கைப்பேசிகள் 2016இல் வந்த ஐபோன் 7க்குப் பிறகு பெருகிவிட்டன. அவற்றில் யுஎஸ்பி சி துளை உள்ளவற்றுக்கு மாற்றி வாங்கும்போது உள்ளே ஒலிச் சில்லு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் கம்பி மட்டும் உள்ளது சில கைப்பேசிகளில்தான் வேலை செய்யும். புளூடூத் பெட்டியையும் ஆக்ஸில் மாட்டலாம். எனக்கு வயர்தான் பிடிக்கும். எழுபது கடந்த பெரியவருக்கு இணைப்புத் தேடு, ஒப்புக்கொள், மறுபடி தேடு என்று சொல்லிக்கொடுப்பதைவிட இதைச் செருகுங்கள் என்பது எளிது.

பக்கத்து அம்மன் கோயில் நிர்வாகத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவர், கோயிலின் மோனோ ஆம்ப்ளிஃபயருக்கும் இப்படியே செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம், ஆனால் இடது வலது இரண்டையும் நேரடியாக முறுக்கிச் சேர்க்கக் கூடாது. கைப்பேசியின் இரண்டு வெளியீடுகளும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வீணாக மின்சாரத்தை இழுக்கும். இரண்டிலும் ஆளுக்கொரு 1,000 ஓம் மின்தடையம் வைத்து, அதற்குப் பிறகு சேர்த்தால் சரி. பிளக்கின் உறைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆடித் திருவிழாவுக்கு முன் அவருக்கும் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன்.

பெரியப்பாவின் பெட்டியில் மிச்சம் இருப்பது இடது ஸ்பீக்கரின் ட்வீட்டர், அதாவது உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கர். வலதைவிட மங்கலாகக் கேட்கிறது. வயர்களை இடம் மாற்றிப் பார்த்தாலும் அதே பெட்டியில்தான் மங்கல், ஆகவே ஆம்ப்ளிஃபயரில் குறை இல்லை. ட்வீட்டருக்கு முன்னால் உள்ள 3.3 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத்தான் சந்தேகிக்கிறேன். பிளஸ், மைனஸ் பக்கம் இல்லாத துருவமற்ற வகை என்பதால் இங்கே கிடைக்கவில்லை. கோலாலம்பூருக்குப் போகும்போது ஜாலான் பாசார் கடைகளில் இரண்டாக வாங்கி, இரு பக்கமும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். இடி இடிக்கும் மாலைகளில் பிளக்கைப் பிடுங்கிவிடும்படி பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.